இரண்டு நத்தைகளும் ஒரு பாடமும்



மழை விட்ட மறுநாள் நம்ம ஊர் வாழைத் தோட்டத்தில் “எலே மக்கா, உப்பை எடுத்துட்டு வா!” என்று சத்தம் கேட்கும். கன்றைத் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைதான் காரணம். 1847-ல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது இது. கொல்வது சரிதான். ஆனால் கண்ணில் பட்ட நத்தையை எல்லாம் கொல்லலாமா? பசிபிக் தீவுகளின் இரண்டு அரிய நத்தைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பொது எதிரி: ராட்சத நத்தையை ஒழிக்க, நத்தை தின்னும் ‘ஓநாய் நத்தை’யை 1955-ல் ஹவாயிலும் 1977-ல் மூரியா தீவிலும் விட்டார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு, உள்ளூர்ச் சிறு நத்தைகளைத் தின்று தீர்த்தது! ராட்சத நத்தை நூற்றுக்கணக்கில் முட்டையிடும், தாங்கிக்கொண்டது. உள்ளூர் மர நத்தைகளோ ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் போடும். எப்படித் தாங்கும்?

1. அக்கட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா (ஹவாய்): ஓநாய் நத்தையோடு எலியும் காடழிவும் சேர்ந்துகொண்டன. 1997-ல் மிஞ்சிய பத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பலனில்லை. கடைசி நத்தை ‘ஜார்ஜ்’ 2019 ஜனவரி 1-ல் செத்தது. இனமே அற்றுப்போனது.

2. பார்ட்டுலா தொஹிவேயானா (மூரியா): 1987-க்குள் காட்டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் முன்பே பிடித்து, பல நாட்டு மிருகக்காட்சிசாலைகளில் பெருக்கி, மறுபடி காட்டில் விட்டார்கள். விட்டவற்றின் ஓட்டில் பெயிண்ட் புள்ளி வைத்திருந்தார்கள். பிறகு புள்ளியில்லாத பெரிய நத்தை கிடைத்தது, அதாவது காட்டிலேயே பிறந்தது! 2024-ல் அதன் நிலை ‘காட்டில் அற்றுப்போனது’ என்பதிலிருந்து ‘மிக அபாயத்தில் உள்ளது’ என்று மாறியது.

வொர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், ஒன்றுக்கு நேரத்தில் ஸ்பேர் எடுத்துவைத்தார்கள், மற்றதற்குப் பிந்திவிட்டார்கள்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சொந்த நத்தை உண்டு. சிவப்பும் மஞ்சளுமாக உடல், அதை முழுக்க மூடாத சிறிய ஓடு: இண்ட்ரெல்லா ஆம்புல்லா. உலகில் வேறெங்கும் கிடையாது. 1850-ல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் அதே பென்சன்தான்!

ஆகவே நண்பர்களே, கூம்பு வடிவில் பழுப்புக் கோடு போட்ட பெரிய ஓடா என்று முதலில் பாருங்கள். கையுறை போட்டு, அந்தி நேரத்தில் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். மலையோரத் தோட்டத்தில் மருந்தை அள்ளி வீசாதீர்கள். அடையாளம் தெரியாத நத்தையா? அது பாட்டுக்குப் போகட்டும், விட்டுவிடுங்கள்!