லேசர் வைத்த கண்ணில் புரை

கேள்வி: என் கணவருக்கு 18 வருடமாகச் சர்க்கரை. விழித்திரைக்கு லேசர் வைத்திருக்கிறார்கள். இப்போது புரை. ஆபரேஷன் செய்யலாமா? (வாசகி, சிதம்பரம்)

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. ஆனால் முதலில் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். கண்ணை ஒரு கேமரா என்று வைத்துக்கொண்டால், புரை என்பது அதன் லென்ஸ் மங்குவது, விழித்திரைதான் ஃபிலிம். ஃபிலிம் பழுதாக இருந்தால் புது லென்ஸால் மட்டும் பார்வை முழுதாகத் திரும்பாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்; பிறகு மனம் உடையாது.

சர்க்கரைக் கண்ணில் நடு விழித்திரை நீர் கோத்து வீங்கலாம். ஆபரேஷன் அதைக் கூட்டிவிடலாம். அதனால் அந்த வீக்கத்தைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் கேளுங்கள். வீக்கம் இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குள் ஊசி போட்டு அடக்கிவிட்டுத்தான் புரையைத் தொடுவார்கள். புரை முற்றி உள்ளே தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் உண்டு. கூடுதல் விலை மல்டிஃபோகல் லென்ஸ் இந்தக் கண்ணுக்குப் பொதுவாக ஒத்துவராது, ஆசைப்பட வேண்டாம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலூர் தாண்டிப் புதுச்சேரி போகும் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. எங்கே போனாலும் பழைய லேசர் சீட்டு, ஸ்கேன் படம், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் மறுபடி விழித்திரையைக் காட்டுங்கள்.