தத்துவம் படிக்க எந்த குரூப்?

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்துவிட்டேன். கல்லூரியில் தத்துவம் படிக்க ஆசை. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கலாம்?
– ஒரு மாணவர், வைகை அணை

பதில்: பி.ஏ. தத்துவத்துக்குப் பொதுவாக எந்த குரூப்பும் தடையில்லை. பிளஸ் டூ தேறினால் போதும். ஆகவே பயந்து எடுக்காதீர்கள், பிடித்து எடுங்கள். வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் உள்ள கலைப் பிரிவு இயல்பான வழி. ஆனால் கணிதம் இனிக்கிறது என்றால் அதை விடவே வேண்டாம். தத்துவ மாணவர்கள் பலர் திணறும் இடம் தர்க்கவியல். கணக்கில் நிரூபணம் எழுதிப் பழகியவருக்கு அது அந்நியமாக இராது. சில பள்ளிகளில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ பாடம் உண்டு, விசாரியுங்கள்.

குரூப்பைவிட மொழி முக்கியம் என்பேன். மேல்படிப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழிலும் குறைவில்லை: மணிமேகலையின் 27ஆம் காதையில் பல சமயத்தாரின் வாதங்கள், 29இல் அனுமானப் பிழைகள். உரையோடு படியுங்கள்.

கல்லூரி தேடிச் சென்னைக்கே ஓட வேண்டியதில்லை. மதுரை போகும் வழியில், உசிலம்பட்டி தாண்டிக் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியில் தத்துவத் துறை இருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும் உண்டு. தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன் அந்தக் கல்லூரியில் படித்தவர். “வேலை?” என்று வீட்டில் கேட்டால், ஐ.ஏ.எஸ். தேர்வில் தத்துவம் விருப்பப் பாடம் என்று சொல்லிப் பாருங்கள்.