கைபேசிப் படம் காகிதத்தில் நன்றாக வர...

2022ஆம் ஆண்டு ஆவணி மாதம் என் தாயார் திருநெல்வேலியில் காலமானார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை சாற்றி வைக்கப் பெரிய படம் ஒன்று வேண்டும். அம்மா படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்ததே அபூர்வம். அக்காள் மகன் கோயில் வாசலில் வைத்துக் கைபேசியில் எடுத்த ஒரு படம்தான் நன்றாக இருந்தது. அதை அக்காள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் இங்கே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, 12க்கு 18 அங்குலத்தில் போடச் சொன்னேன். "ஆகும் சார், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆகும்" என்றார்கள். மறுநாள் சட்டம் போட்டு, துணி சுற்றிக் கொடுத்தார்கள். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

ஊரில் பிரித்துப் பார்த்த அக்காள் சொன்னது: "ஏலே, இது அம்மாவா? யாரோ மாதிரில்லா இருக்கு."

அவள் சொன்னது சரிதான். முகம் மெழுகு பொம்மை போல வழவழப்பாக இருந்தது. மூக்கின் பக்கத்து மச்சம் காணவில்லை. நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. நிறமும் இரண்டு படி வெளுத்திருந்தது. காரியம் அந்தப் படத்தை வைத்துத்தான் நடந்தது. அக்காள் அதன் பக்கம் திரும்பவேயில்லை.

புகைப்படம் எனக்குத் தொழில் அல்ல. ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். தப்பு எங்கே நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தில் சிகந்தராபாதில் பல லேப்களில் ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டேன். கற்றதை நம் குடும்பங்களுக்குச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். ஊரை விட்டு வந்து மல்காஜ்கிரியிலும் சஃபில்குடாவிலும் குடியிருக்கும் நமக்கு ஊரிலிருந்து வரும் படங்கள் அநேகமாக எல்லாமே வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே எனக்கு நடந்தது யாருக்கும் நடக்கலாம்.

முதலில் அளவுக் கணக்கு. டிஜிட்டல் படம் என்பது சிறுசிறு புள்ளிகளால் ஆனது; ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை படம் எடுத்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. காகிதம் பெரிதானால் அதே புள்ளிகளை அகலமாகப் பரப்ப வேண்டும்; அவ்வளவே. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் கண்ணுக்குப் புள்ளியே தெரியாது. 200 இருந்தாலும் குறை சொல்ல முடியாது. சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 போதும். அதற்குக் கீழே போகப் போகக் கலங்கல்தான்.

4க்கு 6 அங்குலப் படத்துக்கு 300 கணக்கில் 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். 8க்கு 12க்கு 2400க்கு 3600. 12க்கு 18க்கு 3600க்கு 5400, அதாவது ஏறக்குறைய 1 கோடியே 94 லட்சம் புள்ளிகள். கைபேசிப் பெட்டியில் 50 மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், அந்த வகைக் கைபேசிகள் சாதாரணமாக நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகவே சேமிக்கின்றன. அது 4000க்கு 3000 பிக்சல். குறையொன்றுமில்லை, வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம்.

இப்போது அம்மா படத்துக்கு வருகிறேன். அக்காள் மகன் கைபேசியில் இருந்தது 4000க்கு 3000. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். எனக்கு வந்து சேர்ந்தது 1600க்கு 1200. அதில் அம்மா கோபுரத்தின் முன் நிற்கிறார்கள். முகமும் மார்பும் மட்டும் வேண்டும் என்று பாதியை வெட்டினோம். மிஞ்சிய உயரம் 800 பிக்சல். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 44 புள்ளி! அந்தக் கலங்கலை மறைக்கத்தான் ஸ்டூடியோவில் கணினியின் "மெருகேற்றும்" மென்பொருளை ஓட்டியிருக்கிறார்கள். இல்லாத புள்ளிகளை அந்த மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகிய ஊகம் அது. அம்மாவின் முகத்தை அது பார்த்ததில்லை. மச்சம் அதற்கு ஒரு அழுக்குப் புள்ளி. இயற்கைக் காட்சிக்கு இந்த வித்தை உதவலாம். இறந்துபோனவர்களின் முகத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, முதல் வேலை மூலப் படத்தைக் கண்டுபிடிப்பது. யார் கைபேசியில் எடுத்தார்களோ அவர்களிடமிருந்து நேராக வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பிலேயே அனுப்புவதென்றால் "போட்டோ" என்று அனுப்பாமல் "டாக்குமெண்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே வந்து சேரும். 2023 முதல் எச்டி என்று ஒரு வசதியும் வந்திருக்கிறது; முன்னைக்கு மேல்தான், ஆனாலும் டாக்குமெண்டுக்கு ஈடாகாது. மின்னஞ்சலில் இணைப்பாகவோ கூகுள் டிரைவிலோ அனுப்பலாம். ஊருக்குப் போகும்போது பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவது எல்லாவற்றிலும் உத்தமம். முகநூலிலிருந்து இறக்கிய படம், கைபேசித் திரையை அப்படியே படம் பிடித்தது, இவற்றைப் பெரிய அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் பக்கத்திலேயே சிகந்தராபாதில் ஸ்டூடியோ வைத்திருந்தார் ராஜா தீன்தயாள். 1844இல் மீரட் அருகே சர்தனாவில் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். பிறகு ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர் ஆனார். 1905இல் காலமானார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் எடுத்த நெகடிவ்வைக் காகிதத்தின் மேல் நேராக வைத்து வெயிலில் காட்டிப் பிரதி எடுப்பார்கள். முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம் அது. தகடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய படம்தான் கிடைக்கும். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கேமராவையும் கனத்த கண்ணாடியையும் சுமந்துகொண்டு போக வேண்டும். அவருடைய படங்களில் உடையின் ஜரிகை நூல்கூட இன்றும் எண்ணும்படி இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். எடுக்கும்போது இல்லாததை அச்சிடும்போது கொண்டுவர முடியாது என்பது அவருக்கும் பொருந்தியது, நமக்கும் பொருந்துகிறது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. விரலால் திரையை விரித்து அருகே கொண்டுவருவது பெரும்பாலும் வெறும் வெட்டல்தான். நாலடி முன்னால் நடந்து போங்கள். லென்ஸை வேட்டி நுனியால் துடையுங்கள். பாதிப் படங்களின் மங்கலுக்கு விரல் எண்ணெய்தான் காரணம். இரவில் குழல் விளக்கடியில் எடுப்பதைவிடக் காலையில் ஜன்னலோரம் உட்காரவைத்து எடுப்பது பத்து மடங்கு மேல். "பியூட்டி" என்ற வசதியை அணைத்துவிடுங்கள். நம் கறுப்பை வெளுப்பாக்குவதை ஒரு சேவையாக நினைக்கிறார்கள் கைபேசி செய்பவர்கள்.

அடுத்தது தலை வெட்டுப்படும் பிரச்சினை. குழுப் படத்தில் ஓரத்தில் நின்ற சித்தப்பாவுக்குப் பாதித் தோள்தான் வந்தது என்று எத்தனை வீட்டில் சண்டை! கைபேசிப் படம் 4க்கு 3 என்ற விகிதம். 4க்கு 6 அங்குலக் காகிதமோ 3க்கு 2 என்ற விகிதம். கைபேசிப் படத்தை 6 அங்குல அகலத்துக்கு வைத்தால் உயரம் நாலரை அங்குலம் வரும். காகிதம் நாலு அங்குலம்தான். அரை அங்குலம் மேலும் கீழுமாகப் போயாக வேண்டும். லேப் இயந்திரம் நடுவை வைத்துக்கொண்டு இரு பக்கமும் வெட்டிவிடும். தலை போகிறதா, கால் போகிறதா என்று அது பார்ப்பதில்லை. எனவே வீட்டிலேயே 3க்கு 2 விகிதத்தில் நாமே வெட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படமும் வரும்படி "ஃபிட்" என்று போடச் சொல்ல வேண்டும். எடுக்கும்போதே தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது நல்ல பழக்கம்.

திரையில் பளிச்சென்று இருந்த படம் காகிதத்தில் இருட்டாக வருகிறதே என்று கேட்பார்கள். திரை தானே விளக்காக எரிகிறது. காகிதம் மேலே விழுந்த வெளிச்சத்தைத் திருப்பித்தான் தருகிறது. கைபேசி வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். அப்போது மங்கலாகத் தெரிந்தால் அச்சிலும் அப்படித்தான் வரும். கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்கலாம். கேமராவில் வண்ண அமைப்பு அடோபி ஆர்ஜிபி என்று இருந்தால் எஸ்ஆர்ஜிபி என்று மாற்றிவிடுங்கள். இல்லையேல் வண்ணம் செத்து வரலாம். ஐபோன் சேமிக்கும் ஹெய்க் வகைக் கோப்பைச் சில கடைகளின் கணினி திறக்காது. ஜேபெக் ஆக மாற்றி, தரம் உச்சத்தில் வைத்துச் சேமித்துக் கொண்டுபோங்கள். ஒரே ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். மூலத்தைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள்.

கடையில் என்ன சொல்ல வேண்டும்? நம் ஊரில் இயந்திரத்தை ஓட்டும் பையன் தானாகவே முகத்தை வெளுக்க வைப்பான்; அது அவனுக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை. "கரெக்ஷன் வத்தண்டி, உன்னதி உன்னட்டே வேயண்டி" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரிய படம் போடுமுன் அதையே 4க்கு 6இல் ஒரு சோதனைப் பிரதி எடுத்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில ரூபாய்ச் செலவு, ஆயிரத்தைக் காப்பாற்றும்.

எந்த இயந்திரம் என்பதையும் கேளுங்கள். பெரிய லேப்களில் லேசர் ஒளியால் வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில் படத்தை எழுதி, பழைய ஃபிலிம் காலத்தைப் போலவே ரசாயனத்தில் கழுவி எடுக்கிறார்கள். ஆல்பத்துக்கு இது எனக்குப் பிடித்தது. பாஸ்போர்ட் படம் எடுக்கும் சிறு கடைகளில் நாடாவிலிருந்து சாயத்தைச் சூட்டால் காகிதத்துக்கு ஏற்றும் இயந்திரம், அவசரத்துக்கு நல்லது. வீட்டில் இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் போட்டோ காகிதம் போட்டு, கணினியிலும் அந்தக் காகித வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணத் தாள் என்றே விட்டுவிட்டால் மை தவறான அளவில் இறங்கும். பேனர் அடிக்கும் ஃபிளெக்ஸ் கடையில் மட்டும் குடும்பப் படத்தைக் கொடுக்காதீர்கள். அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பதற்கு.

பழைய படங்களை ஸ்கேன் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்திலிருந்து எடுக்க முடிந்தால் எடுத்து, அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். 4க்கு 6 படம் 2400க்கு 3600 ஆகும். 8க்கு 12 தாராளமாகப் போடலாம். ஊட்டியில் அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த "இந்து" ஃபிலிமில் அப்பா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் உறுதியாக இருக்கின்றன. 1980களின் கலர்ப் படங்கள் சிவந்துபோய்விட்டன. கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி உலோகம், கலரில் இருப்பது சாயம். ஆகவே கலர்ப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பசைக்கோடு போட்ட பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். ஒட்டியபடியே ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

சட்டம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். இங்கே மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. நம் வீடுகளில் கண்ணாடி மேல் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், ஈர மாலை போடுகிறோம். நீர் சட்டத்தின் இடுக்கில் இறங்கிப் படத்தின் ஓரம் உப்பிவிடுகிறது. மாலையை உதறிப் போடுவது நல்லது. நேர் வெயில் படும் சுவரும் ஆகாது.

அம்மாவின் மூலப் படம் பிறகு கிடைத்தது. அக்காள் மகன் பழைய கைபேசியை மாற்றிவிட்டுப் புதிது வாங்க இருந்த வாரம் அது. இரண்டு நாள் கழித்துக் கேட்டிருந்தால் அழிந்திருக்கும். டாக்குமெண்டாக அனுப்பினான். அதே இடத்தில் வெட்டினேன்; உயரம் 2000 பிக்சல் நின்றது. 12க்கு 18 ஆசையை விட்டுவிட்டு 8க்கு 12 போட்டேன். அங்குலத்துக்கு 166 புள்ளி. சில்க் காகிதம், கரெக்ஷன் இல்லை. மச்சம் இருக்கிறது, சுருக்கம் இருக்கிறது, சற்றே சாய்ந்த மூக்குத்தி இருக்கிறது. அக்காளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

படத்தின் பின்புறம் பெயரும் ஊரும் வருஷமும் எழுதிவைத்தேன். வழவழக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது, பந்துமுனைப் பேனா முன்பக்கம் வரை அழுத்திவிடும். மெல்லிய நிரந்தர மார்க்கர் வாங்கி, மை காயும் வரை மின்விசிறியடியில் வைத்தேன். என் பேத்தி பள்ளியில் படிப்பது தெலுங்கும் இந்தியும். அதனால் தமிழில் எழுதியதற்குக் கீழே ஆங்கில எழுத்திலும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.