கருவியுள் உறையும் கணினியும் அதன் பிழை களையும் முறையும்

கணினி என்றவுடன் மேசைமேல் வைத்து இயக்கும் பொறியே பலர் நினைவுக்கு வரும். ஆயின், சலவைப்பொறி, மோட்டார் வாகனம், வைத்தியசாலைக் கருவிகள் முதலியவற்றுள்ளும் சிறு கணினிகள் மறைந்திருந்து தொழில் புரிகின்றன. இவற்றுக்குரிய ஆணைநிரலைப் பெரும்பாலும் வேறொரு கணினியிலேயே எழுதுவர். எழுதியதைக் குறுக்குத் தொகுப்பான் என்னும் மென்பொருளால் அச்சிறு கணினிக்கு விளங்கும் குறிகளாக மாற்றி, அதன் நினைவகத்துட் செலுத்துவர். எழுதுவது ஓரிடம், இயங்குவது வேறோரிடம். இயங்குமிடத்திற் பிழை தோன்றின் அதனைக் கண்டறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தரும் உண்மை வரலாறு ஒன்றுளது.

அமெரிக்க நாசா நிறுவனத்தின் 'மார்ஸ் பாத்ஃபைண்டர்' என்னும் கலம் 1997 யூலை 4ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிற்று. அங்கிருந்து வானொலிச் செய்தி பூமியை அடைய அப்பொழுது ஏறத்தாழப் பத்து நிமிடம் சென்றது. கலத்தின் கணினி 'வீஎக்ஸ்வேர்க்ஸ்' என்னும் இயக்க முறைமையின்கீழ்ப் பல பணிகளை முதன்மை வரிசைப்படி ஆற்றியது. சில நாட்களில் அக்கணினி இடையிடையே வேலையை நிறுத்தித் தொடக்க நிலைக்குத் திரும்பலாயிற்று. அந்நாளில் எஞ்சிய வேலை மறுநாளுக்குத் தள்ளப்பட்டது.

காரணத்தை ஓர் உவமையால் விளக்குவாம். நூல்நிலையத்தில் அகராதி ஒன்றே உளது. அது கீழ்வகுப்பு மாணவன் கையில் இருக்கின்றது. அதிபர் அதற்காகக் காத்திருக்கின்றார். அவ்வேளை மேல்வகுப்பு மாணவர் வந்து சிறுவனை வேறு வேலைக்கு ஏவுகின்றனர். சிறுவன் அகராதியைப் பார்த்து முடித்தானல்லன். அதிபரும் அதனைப் பெற்றாரல்லர். அகராதி போன்றது தகவல்களைப் பகிரும் பொதுவிடம். சிறுவன் போன்றது வானிலைத் தரவு திரட்டும் பணி. அதிபர் போன்றது தரவுப் பாதையைப் பேணும் முதன்மைப் பணி. முதன்மைப் பணி உரிய காலத்துள் முடியாமை கண்டு, கணினி தன்னைத் தானே மீளத் தொடக்கிற்று. இதனை 'முன்னுரிமைத் தலைகீழாக்கம்' என்பர்.

நிற்க. கலிபோர்ணியாவிலுள்ள ஜெட் உந்துகை ஆய்வுகூடத்திற் கலத்தின் கணினிக்கு ஒத்த படி ஒன்று இருந்தது. பணிகள் நிகழும் ஒழுங்கைப் பதிவு செய்யும் சுவடுக் கருவியும் கலத்து மென்பொருளிலிருந்து நீக்கப்படாமல் இருந்தது. பொறியியலாளர் அக்கருவியை இயக்கி, ஒத்த படியிலே பிழையை மீண்டும் தோற்றுவித்தனர். பதிவைப் பார்த்துக் காரணத்தைத் தெளிந்தனர். அகராதி கையில் உள்ளவரை சிறுவனுக்கு அதிபரின் முதன்மையை அளித்தல் போன்றதொரு வசதி இயக்க முறைமையில் முன்னரே இருந்தது. ஆயின் அது செயற்படாத நிலையில் விடப்பட்டிருந்தது. அதனைச் செயற்படுத்தும் மாற்றத்தை மட்டும் செவ்வாய்க்கு அனுப்பினர். நூல் முழுவதையும் மீள அச்சிடாது பிழைதிருத்தப் பட்டியலை மட்டும் விடுப்பது போன்றதே இச்செயல். கணினி மீளத் தொடங்கும் இடர் ஒழிந்தது.

இன்று பல கருவிகள் வலையமைப்பில் இணைந்துள்ளன. அவற்றின் நிரலையும் தொலைவிலிருந்தே திருத்துகின்றனர். திருத்தம் உரியவரிடமிருந்தே வந்ததென உறுதிசெய்ய மறைகுறிக் கையொப்பமும் வேண்டப்படுகின்றது.

இவ்வரலாற்றில் மாணவர் மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இப்பிழையின் அறிகுறி கலம் இறங்குமுன் சோதனையிலும் தோன்றியது. ஆயின் அதனை மீண்டும் தோற்றுவிக்க இயலவில்லை. வல்லோர் செய்த சோதனையையும் கடந்து பிழை செல்லுமாயின், பிழையே நேராதென நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது. அது நேரும்போது உள்ளே நோக்குதற்கு ஒரு சாளரமும், திருத்தி அனுப்புதற்கு ஒரு வழியும் முன்னரே அமைத்தல் வேண்டும். எதிர்காலத்தில் இத்துறை புகும் நம் மாணவர், தாம் ஆக்கும் கருவியுடன் அதனைத் திருத்தும் வழியையும் சேர்த்தே ஆக்குவாராக.