ஆய்வுக்கு ஓர் ஆண்டு: சம்பளம் யார் தருவார்கள்?

எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சிலருக்கு ஆய்வின் மேல் ஆசை வந்துவிடுகிறது. நோயாளியையும் பார்க்க வேண்டும், ஆய்வகத்திலும் உட்கார வேண்டும் என்று தோன்றும். சீனியர் அக்காவிடம் கேட்டால், "முதலில் நீட் பிஜியை முடி, அப்புறம் பார்க்கலாம்" என்பார். வீட்டில் சொன்னால், "அதுக்கு யாரு சம்பளம் கொடுப்பாங்க?" என்று கேட்பார்கள். அம்மா கேட்கும் கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் ஆசைப்பட்டவர்களில் பலர் ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்ததும் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு ஆய்வுக்கென ஒதுக்கப்பட்டது. மற்ற கல்லூரி மாணவர்கள் மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டு விலகி, உதவித்தொகையோடு ஆய்வகத்துக்குப் போகலாம். பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் வளாகத்திலேயே தங்கி ஆய்வு செய்யும் திட்டம் 2012-இல் தொடங்கியது. இதய ஆய்வுக்கு சார்னாஃப் அறக்கட்டளை இருக்கிறது. எம்டியையும் பிஎச்டியையும் சேர்த்து முடிக்க அரசே பணம் தரும் திட்டம் 1964-இல் தொடங்கியது. அதை முடிக்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகும். அங்கும் எல்லாம் நிலையானதல்ல. ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் மருத்துவ மாணவர்களுக்கு நீண்டகாலம் கொடுத்துவந்த ஆய்வு ஆண்டை நிறுத்திவிட்டது.

இந்தியாவில் அப்படியொரு காலி ஆண்டே கிடையாது. நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன், அவ்வளவுதான். சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் எம்பிபிஎஸ் முடிந்திருக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதி. நடுவில் ஓர் ஆண்டு விலகி ஆய்வு செய்கிறேன் என்று டீன் முன்னால் போய் நின்றால் அவருக்கே என்ன செய்வதென்று தெரியாது. அதை முயலவும் வேண்டாம். இங்கே ஆய்வு ஆண்டு துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்: விடுமுறையில் இரண்டு மாதம், ஹவுஸ் சர்ஜனுக்கும் பிஜிக்கும் நடுவில் ஓராண்டு, பிஜி தீசிஸ், எம்டிக்குப் பிறகு ஐந்தாண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் பணம் தருகிறவர் வேறு.

எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பணம் உங்கள் கைக்கு வருகிறதா, ஆய்வகத்துக்குப் போகிறதா? எப்போது வரும்? எதை முடித்தால் வரும்? ஒரு மருத்துவர் ஆய்வாளராவதற்கு ரசாயனங்களைவிட அவருடைய நேரத்துக்குத்தான் முதலில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நேரத்துக்குப் பணம் தராத திட்டம் எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் உங்களுக்குப் பயன் குறைவு.

இரண்டு மாதத்துக்கு ஐசிஎம்ஆர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 1979 முதல் எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கு ஒரு குறுகியகால ஆய்வு உதவித்தொகை தருகிறது. கல்லூரிகளில் இதை எஸ்டிஎஸ் என்றுதான் சொல்வார்கள். இரண்டு மாத ஆய்வு. தொகை முன்பு 20,000 ரூபாய்; அண்மை ஆண்டுகளில் 50,000. ஒரு கைடு ஓர் ஆண்டில் ஒரு மாணவரைத்தான் எடுக்க முடியும். ஆகவே நல்ல கைடு என்று பெயர் வாங்கியவரிடம் அறிவிப்பு வந்த பிறகு போனால் இடம் இருக்காது. தீபாவளிக்கு முன்பே போய்ப் பேசி வையுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சீனியர் சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டு அறிவிப்பை வரிவிடாமல் படியுங்கள்.

இந்தப் பணம் முன்பணம் அல்ல. ஆய்வை முடித்து, அறிக்கை அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகுதான் சான்றிதழும் தொகையும் வரும். அறிக்கை நிராகரிக்கப்பட்டால் எதுவும் வராது. ஆகவே கைக்காசு போட்டுக் கருவி வாங்கும் ஆய்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுத்த முட்டுக்கட்டை நெறிமுறைக் குழு. சில கல்லூரிகளில் அது மாதம் ஒருமுறை கூடும், சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விண்ணப்பத்தை எழுத உட்காரும் முன்பே குழுவின் செயலாளரிடம் அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பு அருமையாக இருந்தும் குழுவின் கடிதம் வராததால் விடுமுறை முழுக்கக் கை கட்டி உட்கார்ந்தவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

தலைப்புக்கு வருவோம். சக மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, ஒரு நோயைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும், அவர்கள் மனப்பான்மை என்ன என்று சதவீதம் போடும் ஆய்வுகள் ஏற்கெனவே மலையாகக் குவிந்து கிடக்கின்றன. மதிப்பீட்டாளருக்குச் சலித்துப்போயிருக்கும். உங்கள் ஓபியிலேயே கேள்வி இருக்கிறது. நீரிழிவு ஓபியில் ஒரு காலை நேரம் ஓரமாக நின்று பாருங்கள். வரிசையில் வருகிறவர்களில் எத்தனை பேரைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள்? பத்து கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பது எத்தனை பேருக்கு நடக்கிறது? செய்தவர்களில் எத்தனை பேருடைய நோட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது? எழுதாமல் விட்டது யார், ஹவுஸ் சர்ஜனா, பிஜியா? இதற்கு ஓர் இழை, ஒரு படிவம், நோயாளியின் ஒப்புதல் தாள் போதும். இரண்டு மாதத்தில் முடியும். முடிவு எதுவாக இருந்தாலும் அந்த ஓபிக்கு உடனே பயன்படும். ஐம்பதாயிரத்தைவிடப் பெரிய லாபம், மாதிரி எண்ணிக்கையைக் கணக்கிடுவதிலிருந்து அறிக்கை வரை ஒரு முழு ஆய்வை உங்கள் கையாலேயே முடித்திருப்பீர்கள் என்பது.

அதற்குமுன் ஆய்வுமுறை தெரிந்திருந்தால் நல்லது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழிப் பாடங்கள் நடத்துகிறது. படிப்பது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். பிஜியில் எப்படியும் அவர்களுடைய அடிப்படை ஆய்வுப் பாடத்தை முடித்தாக வேண்டும், ஆணையம் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்கூட்டியே அந்த வாசனை பட்டால் நஷ்டம் இல்லை.

உண்மையான ஆய்வு ஆண்டு

ஆய்வு ஆண்டு என்று எங்கும் பெயர்ப்பலகை இல்லாமலே ஒன்று இருக்கிறது: ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. ஐசிஎம்ஆர் நிறுவனங்களில், சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அயப்பாக்கம், புதுச்சேரியின் கொசுவழி நோய் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில், மருத்துவப் பட்டதாரிகளைத் திட்ட ஆய்வு விஞ்ஞானியாக எடுக்கிறார்கள். முதல் நிலைப் பதவிக்கு எம்பிபிஎஸ் போதும். ஐசிஎம்ஆர் நிர்ணயித்திருக்கும் தொகை மாதம் 67,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. தனியார் மருத்துவமனையில் இரவு டூட்டி பார்க்கும் நண்பரோடு ஒப்பிட்டால் பெரிய இழப்பு இல்லை. அமெரிக்க மாணவர் விண்ணப்பம் போட்டு உதவித்தொகையாக வாங்குவதை நீங்கள் சம்பளமாக வாங்குகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சேர வேண்டும். திட்டம் உங்களுடையது அல்ல. படிவத்தை நிரப்பி, ரத்தம் எடுத்து, நோயாளியைத் தேடிப் போய், ஆண்டு முடிந்ததும் நன்றியுரையில் மட்டும் பெயர் வந்தவர்கள் இருக்கிறார்கள். நேர்முகத்தில் உங்களை அவர்கள் கேட்பார்கள்; நீங்களும் கேளுங்கள். "சார், சேகரிக்கும் தரவில் ஒரு சிறு கேள்வியை நானே எடுத்துப் பகுத்து எழுதலாமா? அதில் முதல் ஆசிரியராக இருக்க முடியுமா?" மரியாதையாகக் கேட்டால் நல்ல ஆய்வாளர் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவர் யார் என்பது சேரும் முன்பே தெரிந்துவிடுவதும் நல்லதுதான். ஒப்புக்கொண்டதை ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் களம், எத்தனை நாள் மேசை என்பதையும் கேளுங்கள். அந்தத் துறையில் முன்பு வேலை பார்த்தவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் பெயரில் எத்தனை கட்டுரை வந்தது என்று விசாரித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நீட் பிஜிக்கு என்ன செய்வது? வேலையோடு படிக்கலாம்; கோச்சிங்கில் முழுநேரம் உட்கார்ந்தவருக்கு இணையாகப் படிக்க முடியாது. முதல் முயற்சியிலேயே குறிப்பிட்ட பிரிவு வேண்டும் என்று பிடிவாதம் இருப்பவர் இந்த ஆண்டை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. நுண்ணுயிரியல், சமூக மருத்துவம், நோயியல், பொது மருத்துவம் என்று எதுவானாலும் பரவாயில்லை என்பவருக்கு இது பொன்னான ஆண்டு.

கல்விக்கடன் இருப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். பெரும்பாலான வங்கிகளில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்த ஓராண்டும் ஆய்வு வேலை ஆண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். சம்பளத்தில் வட்டியையாவது மாதாமாதம் கட்டிவிட்டால் பிஜி சேரும்போது கடன் வீங்கியிருக்காது. அமெரிக்காவில் ஆய்வுக்கு வரும் மருத்துவரின் கடனில் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை அரசே அடைக்கும் திட்டம் இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று வந்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் பெருகுவார்கள். இப்போதைக்கு வங்கி மேலாளரிடம்தான் பேச வேண்டும்.

நோயாளியைவிட ஆய்வகமே முக்கியம் என்று முடிவெடுத்தவர்களுக்கு நேரடி பிஎச்டி உண்டு. சிஎஸ்ஐஆர் நடத்தும் நெட் தேர்வை எம்பிபிஎஸ் பட்டதாரியும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப் படி தனி. ஐஐடி மெட்ராஸ் 2023-இல் தொடங்கிய மருத்துவ அறிவியல் தொழில்நுட்பத் துறை மருத்துவர்களை பிஎச்டிக்கு எடுக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு 2022-இல் 425 கோடி ரூபாய் நன்கொடை அறிவிக்கப்பட்டது. அதைக் கொண்டு மருத்துவமனையோடு எழும் மருத்துவப் பள்ளியின் நோக்கமே எம்டி-பிஎச்டிதான்.

தீசிஸைத் தூக்கி எறியாதீர்கள்

பிஜியில் சேர்ந்தால் தீசிஸ் கட்டாயம். பெரும்பாலோர் அதைத் தேர்வுக்கான சடங்காக முடித்துவிடுகிறார்கள். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1985 இறுதியில் செல்லப்பன் நிர்மலா என்ற நுண்ணுயிரியல் பிஜி மாணவியிடம் அவருடைய ஆசிரியர் சுனிதி சாலமன் ஒரு தலைப்பைச் சொன்னார்: எய்ட்ஸ் கிருமி நம் ஊரில் இருக்கிறதா? அந்த நோய் இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பிய காலம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைக்க வேறு இடம் இல்லாமல், பிரித்தெடுத்த சீரத்தை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி போய் இறங்கினார். வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்படித்தான், ஒரு பிஜி தீசிஸில்.

வீரக் கதையாக மட்டும் இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆபத்தான மாதிரிகளை வீட்டில் வைக்கும் நிலைக்கு ஒரு மாணவியைத் தள்ளியது வசதிக் குறைவு. இன்று அப்படி வைத்தால் நெறிமுறைக் குழு உங்களை நிறுத்திவிடும், சரியாகவும் செய்யும். தீசிஸுக்கும் ஐசிஎம்ஆர் நிதியுதவி தருகிறது; தலைப்புப் பதிவான உடனே விண்ணப்பியுங்கள். மருந்தையோ சிகிச்சையையோ ஒப்பிடும் ஆய்வென்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிந்துவிடுங்கள். பின்னால் நல்ல இதழ் எதுவும் பதிவில்லாத ஆய்வைத் தொடாது.

எம்டிக்குப் பிறகு பெரிய பணம் இருக்கும் இடம் இந்தியா அலையன்ஸ். உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் அமைத்தது. மருத்துவர்களுக்கென்றே தனி ஃபெல்லோஷிப் உண்டு, அது ஆய்வுச் செலவோடு உங்கள் சம்பளத்தையும் தாங்கும். நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனை ஓபியிலிருந்தும் டூட்டியிலிருந்தும் உங்களுக்கு உண்மையிலேயே விலக்குத் தருமா என்பதுதான் இங்கே சிக்கல். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறு மாதமே "டாக்டர், இன்று மட்டும் ஓபி பார்த்துவிடுங்கள்" என்று கூப்பிடுகிற ஹெச்ஓடிக்கள் உண்டு. ஆகவே இந்தப் பாதைக்குப் போகிறவர் ஆய்வுக்குப் பழகிய நிறுவனத்தில் வேலை தேட வேண்டும். ககன்தீப் காங் எம்பிபிஎஸ், எம்டி, பிஎச்டி மூன்றையும் முடித்தது வேலூர் சிஎம்சியில்தான். ரோட்டா வைரஸ் ஆய்வுக்காக அறியப்படும் அவர் 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இடம்பெற்றார். இந்தியாவிலேயே வேலை பார்க்கும் ஒரு பெண் விஞ்ஞானிக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரையில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் பொறியாளர்களோடு உட்கார்ந்து உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இரண்டு இடத்திலும் ஆய்வு செய்யும் மருத்துவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

இனி, கை வைக்கக் கூடாத இரண்டு விஷயங்கள். முதலாவது, காசு கொடுத்தால் கட்டுரையில் பெயர் சேர்க்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பு. அந்தக் கட்டுரை ஒருநாள் திரும்பப் பெறப்பட்டால் உங்கள் பெயரும் அதோடு போகும். ஆய்வுலகில் அந்தக் கறை அழியாது.

இரண்டாவது, அமெரிக்க ரெசிடென்சிக்காகச் சம்பளமில்லாமல் அங்கே போய்ச் செய்யும் ஆய்வு ஆண்டு. அங்கே உள்ளூர் மாணவர்களுக்கான உதவித்தொகைகள் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காது. ஜே-1 விசாவுக்கு உங்கள் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். சம்பளம் இல்லையென்றால் அது அப்பாவின் வைப்புநிதியிலிருந்துதான் வரும். வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாவற்றையும் ரூபாயில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். போவதென்றே முடிவானால், அழைக்கும் பேராசிரியரிடம் சம்பளம் உண்டா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். அவரிடம் முன்பு சம்பளமில்லாமல் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு ரெசிடென்சி கிடைத்தது என்று இரண்டாவது கடிதத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வரும்வரை விமான டிக்கெட் போட வேண்டாம்.