செத்தவீட்டுக்குப் பின்: பொருள் பங்கிடும்போது

அம்மாவின் சங்கிலிக்கும் ஐயாவின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கும் சகோதரர் பகையாகாதிருக்க:

1. அந்தியேட்டி முடியும்வரை எதையும் பிரிக்காதீர்கள். துக்கத்தில் சொன்ன சொல் ஆறாது.

2. நகை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், அடகுத் துண்டு அனைத்தையும் எல்லோர் முன்னும் எழுதிப் படமெடுங்கள். பிறகு சந்தேகம் எழாது.

3. வெளிநாட்டுப் பிள்ளைகளையும் வாட்ஸ்அப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேளாமல் பிரித்தால் மனக்கசப்பு வரும்.

4. கடனை முதலில் தீர்த்துவிடுங்கள், மிஞ்சுவதே பங்கு.

5. இடப்பெயர்வுகளிலும் காத்துவந்த குடும்பப் படங்களைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுங்கள். அவற்றை விலைக்கு வாங்க முடியாது.

6. அனுமதிப்பத்திரக் காணியெனில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பின்னுரித்தாளரின் பெயர் அங்கே பதியப்பட்டிருக்கலாம்.

7. இணக்கம் வராவிட்டால் மத்தியஸ்த சபையை நாடுங்கள். வழக்குச் செலவும் அலைச்சலும் மிச்சமாகும், உறவும் தப்பும்.