கேசட்டில் இருந்த தாத்தாவின் குரல்

காந்தவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாரம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாலித்தீன் பையில் சுற்றிய வீடியோ கேசட்டோடு வந்தாள்.

“சார், எங்க அம்மா கல்யாண கேசட். இதுல தாத்தா பேசுறாராம். நான் அவரைப் பார்த்ததே இல்ல. கம்ப்யூட்டர்ல ஏத்த முடியுமா?”

2015 டிசம்பர் வெள்ளத்தில் மணலி புதுநகரில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, பரணில் இருந்ததால் தப்பிய கேசட் அது. ஆனால் ஈரக்காற்று விட்டுவைக்கவில்லை. நாடாச் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

உடனே ‘முடியும்’ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. முந்தைய ஆண்டு எங்கள் வீட்டுக் கேசட்டை இதே நிலையில் அப்படியே டெக்கில் போட்டேன். நாடா உள்ளே சிக்கி அறுந்தது. என் தங்கையின் திருமணத்தில் பாதி போய்விட்டது. அவளிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில், கேசட்டின் அடியிலுள்ள ஐந்து திருகுகளைக் கழற்றினேன். பூஞ்சைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் மாணவர்களைத் தள்ளி நிறுத்தினேன். சுருள்களை நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றி, மென்துணியால் துடைத்தபடி முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகச் சுற்றினேன். ஒரு மாலை முழுதும் ஆனது. தவறுதலாக மேலே பதிவாகிவிடாதபடி முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்பையும் உடைத்தேன்.

டெக் கொடுத்தவர் பகுதியின் பழைய கேபிள் டி.வி.க்காரர். ஒரு காலத்தில் டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு விட்டவர். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திய பிறகு புதிய டெக் சந்தையில் இல்லை. இருப்பதைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் செருகி, ஓ.பி.எஸ். என்னும் இலவச மென்பொருளைத் திறந்தோம்.

“பென் டிரைவ் மாதிரி ரெண்டு நிமிஷத்துல காப்பி ஆகாதா சார்?”

வகுப்பே விழித்துக்கொண்ட கேள்வி இதுதான். நாடாவில் இருப்பது கோப்பு அன்று. காந்தத் துகள்களின் வரிசை. அது ஓடினால்தான் படம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம்.

கரும்பலகையில் கணக்கும் போட்டோம். நாடா நொடிக்கு 2.339 செ.மீ. நகர்கிறது. மூன்று மணி நேரத்துக்கு 10,800 நொடி. பெருக்கினால் ஏறத்தாழ 253 மீட்டர்! கைக்குள் அடங்கும் டப்பாவில் கால் கிலோமீட்டர் என்றதும் பின்வரிசையும் எழுந்து பார்த்தது. நொடிக்கு 8 மெகாபிட் வீதம் பதிந்தால் கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்: 10.8 ஜி.பி.

படம் ஓடியது. நடுநடுவே கோடுகள், பனி கொட்டுவதுபோலப் புள்ளிகள். தாலி கட்டும் நேரத்தில் முகங்களே தெரியவில்லை. ஆனால் நாதஸ்வரம் தெளிவாகக் கேட்டது. இது தற்செயல் அன்று. வி.எச்.எஸ். நாடாவில் படம் சாய்வான கோடுகளாகவும், சாதாரண ஒலி ஓரத்தில் நீளவாக்கிலும் பதிகின்றன. சுழலும் படத் தலைப்பில் அழுக்கு ஏறிப் படம் கெட்டாலும், தனித் தலைப்பில் ஓடும் ஒலி தப்பிவிடலாம். இதை நான் புத்தகத்தை வைத்து எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

கேசட்டில் இருப்பது ஒரு குடும்பத்தின் வீடு. அதனால் தாயை வரவழைத்து, அவர் ஒப்புதலோடுதான் வகுப்பில் ஓட்டினோம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு துண்டும் போகவில்லை. மூலக்கோப்பை வெட்டாமல் இரண்டு இடங்களில் சேமித்தோம், கேசட்டையும் தூக்கிப்போடவில்லை.

பந்தி நடக்கும் இடத்தில் திரை முழுதும் புள்ளிகள். அதற்குள்ளிருந்து ஒரு குரல்: “யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது, சொல்லிட்டேன்!”

“அப்பா சார்” என்றார் அந்த அம்மா.

மாணவி திரும்பிப் பார்த்தாள். “இன்னொரு வாட்டி போடுங்க சார்.”

நான்கு முறை போட்டோம். மறுநாள் என் மேசைமேல் மேலும் ஏழு கேசட்டுகள் இருந்தன. டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்துகொண்டிருக்கிறது. பூஞ்சை இல்லாதவற்றை முதலில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.